ஆண்கள் உடல்நலம்: மதுரை வட்டார வாசகர்கள் கேட்கிறார்கள், மருத்துவர்கள் பதில் சொல்கிறார்கள்

ஆண்களின் உடல்நலம் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பலவற்றை எழுதியவர்கள் ஆண்கள் அல்ல. அவர்களுடைய மகளும் மனைவியும் அம்மாவும்தான். பெயர்களை விட்டுவிட்டு ஊரையும் உறவையும் தொழிலையும் மட்டும் தருகிறோம். பதில்கள் எங்கள் மருத்துவக் குழுவினுடையவை.

அப்பாவுக்கு 66 வயது. ராத்திரி ஐந்தாறு தடவை எழுந்திரிக்கிறார். முக்கினால்தான் சிறுநீர் வருகிறது. "வயசானா அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு, பொழுது சாய்ந்தால் தண்ணீரே குடிப்பதில்லை. போன வாரம் சளிக்கு மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டார். அன்று ராத்திரி சுத்தமாக அடைத்துக்கொண்டது. விடிந்த பிறகுதான் சொட்டுச் சொட்டாகப் போனது. பக்கத்து வீட்டுப் பெரியப்பாவுக்கு பி.எஸ்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனையில் 6 என்று வந்ததும் புற்றுநோய் என்று பேசிக்கொண்டார்கள். அதைக் கேட்டதிலிருந்து அப்பா ஆஸ்பத்திரிப் பக்கமே வர மறுக்கிறார்.
– மகள், உசிலம்பட்டி

முதலில் அந்தச் சளி மாத்திரையை நிறுத்துங்கள். மூக்கடைப்புக்கும் தும்மலுக்கும் கடையில் கொடுக்கும் கூட்டு மாத்திரைகளில் பலவற்றில் இரண்டு விதமான மருந்துகள் சேர்ந்திருக்கும். ஒன்று சிறுநீர்ப்பையின் வாயை இறுக்கும். மற்றொன்று பையின் தசையைச் சோர வைக்கும். சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியவருக்கு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்தால் அடைத்துக்கொள்ளும். இனி எந்தக் கடையில் மருந்து வாங்கினாலும் "சிறுநீர் போவதில் சிரமம் இருக்கிறது" என்று சொல்லித்தான் வாங்க வேண்டும். மறுபடியும் அடைத்து, அடிவயிறு உப்பி வலித்தால் காத்திருக்கக் கூடாது. வயிற்றை அமுக்குவதும், இன்னும் தண்ணீர் குடித்து "தள்ளிவிட"ப் பார்ப்பதும் ஆபத்து. உடனே மருத்துவமனைக்குப் போய் டியூப் போட்டு நீரை வெளியேற்ற வேண்டும்.

இனி அப்பாவை அழைத்துப் போகும் முன் வீட்டில் செய்ய வேண்டிய வேலை. மூன்று நாட்களுக்கு, ஒவ்வொரு முறை போகும் நேரத்தையும் அளவையும் குறித்து வையுங்கள். மில்லி லிட்டர் கோடு போட்ட பிளாஸ்டிக் குவளை ஒன்று போதும். குடித்ததையும், டீ காபி உட்பட, எழுதுங்கள். இரவில் போகும் அளவோடு காலையில் எழுந்ததும் போகும் முதல் நீரையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். அது ஒரு நாளின் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் கோளாறு புராஸ்டேட்டில் மட்டும் இல்லை. கால் வீக்கம், இதயப் பலவீனம், சர்க்கரை, இரவு குறட்டையோடு மூச்சுத் திணறல் ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் போகிறதென்றால் அடைப்பு, அல்லது பையின் எரிச்சல். இந்தத் தாள் மருத்துவருக்கு பல கேள்விகளை மிச்சப்படுத்தும்.

தண்ணீரை அடியோடு நிறுத்துவது தவறு. நம் வெயிலில் அது கல்லுக்கும் சிறுநீர்த் தொற்றுக்கும் வழிவிடும். பகலில் தேவையான அளவு குடித்துவிட்டு, படுக்கப்போகும் இரண்டு மணி நேரத்துக்கு முன் நிறுத்தினால் போதும். மாலை ஐந்து மணிக்கு மேல் டீ, காபி வேண்டாம்.

மருத்துவமனையில் ஆசனவாய் வழியாக விரலால் புராஸ்டேட்டைத் தொட்டுப் பார்ப்பார்கள். அரை நிமிடத்து வேலை. அப்பாவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், அங்கே வந்து கூச்சப்பட மாட்டார். சிறுநீர்ப் பரிசோதனை, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவையும் உண்டு. ஸ்கேன் எடுக்கும்போது சிறுநீர் போன பின்னும் பையில் எவ்வளவு தங்குகிறது என்று அளக்கச் சொல்லிக் கேளுங்கள். பல இடங்களில் அதை விட்டுவிடுகிறார்கள். யூரோஃப்ளோ என்ற கருவியில் நீர் வரும் வேகத்தைப் பார்ப்பார்கள். 150 மில்லிக்குக் குறையாமல் போனால்தான் அந்த அளவை நம்பலாம். உச்ச வேகம் விநாடிக்கு 10 மில்லிக்குக் கீழ் என்றால் அடைப்பு இருக்க வாய்ப்பு அதிகம்.

பி.எஸ்.ஏ. என்பது புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம். ரத்தத்தில் அது 4-க்கு மேல் போனாலே புற்றுநோய் என்பது தவறு. சாதாரண வீக்கத்திலும், சிறுநீர்த் தொற்றிலும், டியூப் போட்ட பிறகும் அது ஏறும். தொற்று இருந்தால் குணமாகி ஆறு வாரம் கழித்து எடுக்க வேண்டும். உறவு கொண்ட இரண்டு நாட்களுக்குள் எடுக்க வேண்டாம். புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு, டூட்டாஸ்டரைடு மாத்திரைகளை ஆறு மாதம் சாப்பிட்டவருக்கு அளவு ஏறத்தாழப் பாதியாக இறங்கியிருக்கும். அதைச் சொல்லாவிட்டால் குறைந்த எண்ணைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். பெரியப்பாவுக்கு மறுபரிசோதனை தேவை. முடிவு அதற்குப் பிறகுதான்.

மருந்தில், சிறுநீர்ப்பையின் வாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் 0.4 மில்லிகிராம் சில நாட்களிலேயே வேலை செய்யும். இரவு உணவுக்குப் பின் கொடுப்பது வழக்கம். ஆரம்ப நாட்களில் படுக்கையிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். ஒரு நிமிடம் உட்கார்ந்து எழ வேண்டும். மதுரைப் பக்கத்தில் குறிப்பாகச் சொல்ல வேண்டிய ஒன்று: நம் பெரியவர்கள் கண் முகாமுக்குப் போய்ப் புரை அறுவை செய்துகொள்கிறார்கள். டாம்சுலோசின் சாப்பிடுபவருக்கு அறுவையின்போது கருவிழித்திரை தளர்ந்து மடங்கும். முன்பே தெரிந்தால் கண் மருத்துவர் அதற்குத் தயாராக இருப்பார். சீட்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். மாத்திரையைப் பல நாள் முன்பே நிறுத்தியிருந்தாலும் சொல்ல வேண்டும்.

திரும்பத் திரும்ப அடைப்பு, பையில் கல், சிறுநீரகம் வீங்குவது, நிற்காத ரத்தம், ஓயாத தொற்று ஆகியவை இருந்தால் அறுவைதான் சரி. வயிற்றைக் கிழிக்காமல் சிறுநீர்ப் பாதை வழியாகவே செய்யலாம். மதுரை அரசு இராசாசி மருத்துவமனையில் யூராலஜி, அதாவது சிறுநீர்ப் பாதை நோய்களுக்கான பிரிவு இருக்கிறது. அறுவைக்குப் பின் விந்து வெளியே வராமல் சிறுநீர்ப்பைக்குள் போவது பலருக்கு நடக்கும். உடலுக்குக் கெடுதல் இல்லை. இதையும் முன்பே பேசிக்கொள்வது நல்லது.

வயது 44, வேன் ஓட்டுகிறேன். ஆறு வருடமாகச் சுகர். ஒரு வருடமாக விறைப்பு சரியில்லை. பஸ் ஸ்டாண்டு சுவரில் போஸ்டர் பார்த்து, லாட்ஜில் வந்து தங்கும் வைத்தியரிடம் போனேன். சின்ன வயதில் சக்தி வீணானதுதான் காரணம் என்று சொல்லி, லேகியத்துக்கும் பொடிக்கும் சேர்த்து 18,000 ரூபாய் கேட்கிறார். வாங்கலாமா?
– வில்லாபுரம்

வாங்காதீர்கள். விந்து வெளியேறுவதால் உடல் சக்தி குறைவதில்லை. விந்து தினமும் புதிதாக உற்பத்தியாகிறது. "ஒரு துளி விந்து, நாற்பது துளி ரத்தம்" என்பது அப்பட்டமான பொய். இந்த ஒரு பொய்யை வைத்து எத்தனை ஆண்களைப் பயமுறுத்திப் பணம் பறித்திருக்கிறார்கள் என்று நினைத்தால் வயிறு எரிகிறது. சுய இன்பமும் தூக்கத்தில் விந்து போவதும் நோய் அல்ல.

உங்களுக்கு வந்திருப்பது பெரும்பாலும் ரத்தக் குழாய்க் கோளாறு. ஆணுறுப்புக்குப் போகும் குழாயின் அகலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர். இதயத்தின் குழாய் மூன்று நான்கு. கொழுப்பும் சர்க்கரையும் குழாயைக் கெடுக்கும்போது சிறியது முதலில் காட்டிக்கொடுக்கும். விறைப்புக் குறைந்து சில வருடங்களில் மாரடைப்பு வந்தவர்கள் நிறைய. அதனால் இந்தப் புகாரோடு வருபவருக்கு இதயத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: பிரஷர், மூன்று மாதச் சராசரி சுகரான எச்பிஏ1சி, வெறும் வயிற்றில் கொழுப்பு, ஈ.சி.ஜி. டெஸ்டோஸ்டிரோன் எடுப்பதாக இருந்தால் காலை 10 மணிக்குள். மாலையில் இயல்பாகவே குறைந்திருக்கும். பிரஷர் மாத்திரைகள் சிலவும் விறைப்பைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள், மாற்றித் தரச் சொல்லுங்கள்.

காலையில் எழும்போது விறைப்பு நன்றாக இருந்து உறவின்போது மட்டும் இல்லையென்றால் மனப் பதற்றம் காரணமாக இருக்கலாம். எப்போதுமே இல்லையென்றால் குழாய் அல்லது நரம்பு. இதை மருத்துவரிடம் நீங்களே சொல்லுங்கள், கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.

விறைப்புக்குத் தரும் சில்டெனாஃபில் மாத்திரை நல்ல மருந்துதான், ஆனால் மருத்துவர் சீட்டோடு. சாதாரணமாக 50 மில்லிகிராமில் தொடங்குவார்கள். உறவுக்கு ஒரு மணி நேரம் முன் போட வேண்டும். கறிச்சோறும் பரோட்டாவும் சாப்பிட்டுவிட்டுப் போட்டால் வேலை செய்யத் தாமதமாகும். ஆசை எழாமல் மாத்திரை மட்டும் ஒன்றும் செய்யாது. ஒரே தடவை பலிக்கவில்லை என்று கைவிடாமல் ஆறேழு முறை பார்க்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் கூடாது. நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையோ வேறு நைட்ரேட் மாத்திரையோ எடுப்பவர் இதைத் தொடவே கூடாது. பிரஷர் சரேலென்று இறங்கி உயிர் போகும். சில்டெனாஃபில் போட்ட நாளில் நெஞ்சு வலித்தால், அவசரப் பிரிவில் முதல் வார்த்தையாக அதைச் சொல்லுங்கள். மனைவி பக்கத்தில் இருந்தாலும் சொல்லுங்கள்.

லாட்ஜ் பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. "மூலிகை" என்ற பெயரில் விற்ற பொருள்களில் இதே சில்டெனாஃபிலைக் கலந்திருந்ததைப் பல நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைகள் கண்டுபிடித்திருக்கின்றன. அப்படியானால் அளவும் தெரியாது, யாருக்கு ஆகாது என்றும் தெரியாது. சித்த மருத்துவம் வேண்டுமென்றால் பட்டம் பெற்றுப் பதிவு செய்த சித்த மருத்துவர்கள் அரசு மருத்துவமனைகளிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு முகவரி உண்டு. நாளைக்கும் அதே நாற்காலியில் இருப்பார்கள்.

15 வயது மகனுக்கு நடுராத்திரியில் ஒரு பக்க விதையில் கடும் வலி, வாந்தி. பாட்டி விளக்கெண்ணெய் தடவினார். விடிவதற்குள் வலி விட்டுவிட்டது. இனிப் பயமில்லையே?
– அம்மா, வாடிப்பட்டி

பயம் இருக்கிறது. விதை தன் தண்டோடு முறுக்கிக்கொண்டு, பிறகு தானாகப் பிரிந்திருக்கலாம். அடுத்த முறை பிரியாமல் போகலாம். முறுக்கிய ஆறு மணி நேரத்துக்குள் அறுவை செய்தால் விதையை பெரும்பாலும் காப்பாற்றலாம். அதைத் தாண்டத் தாண்ட வாய்ப்பு குறையும். இந்த வாரமே அறுவை மருத்துவரிடம் காட்டுங்கள். இனி வலி வந்தால் எண்ணெயும் வேண்டாம், விடியட்டும் என்ற பேச்சும் வேண்டாம். சாப்பாடு, தண்ணீர் கொடுக்காமல் 108-ஐக் கூப்பிட்டு, இரவிலும் அறுவை அரங்கு இயங்கும் பெரிய மருத்துவமனைக்கு நேராகப் போங்கள். மகனிடமும் சொல்லிவையுங்கள்: இந்த வயதுப் பையன்கள் வெட்கத்தில் "வயித்து வலி" என்று மட்டும் சொல்வார்கள். வயிற்று வலி என்று வரும் பையனுக்கு விதையையும் பார்ப்பது மருத்துவரின் கடமை.

மாட்டுத்தாவணியில் காய்கறி மூட்டை தூக்குகிறேன். தொடை இடுக்கில் வீக்கம். படுத்தால் உள்ளே போய்விடும். பெல்ட் போட்டு வேலை பார்க்கிறேன். ஆபரேஷன் செய்தால் அப்புறம் சுமை தூக்க முடியுமா?
– சுமைத் தொழிலாளி

முடியும். உங்களுக்கு இருப்பது குடலிறக்கம். வயிற்றுச் சுவரில் விழுந்த ஓட்டை பெல்ட்டால் மூடாது. பெல்ட் சில சமயம் குடலை அழுத்திப் புண்ணாக்கும். வலை வைத்துத் தைக்கும் அறுவைக்குப் பின் ஓரிரு வாரத்தில் நடமாட்டமும் லேசான வேலையும் சரியாகிவிடும். மூட்டை தூக்க ஆறு வாரமாவது பொறுக்க வேண்டும். இதில் அவசரப்படுவதாலும் மறுபடி வருகிறது. அதனால் வரத்து குறைவான மாதமாகப் பார்த்து நாள் குறியுங்கள், வீட்டுச் செலவுக்கு முன்பே ஏற்பாடு செய்யுங்கள். ஓயாத இருமல், மலச்சிக்கல், முக்கிச் சிறுநீர் போவது இருந்தால் அவற்றை முதலில் சரிசெய்ய வேண்டும். இல்லாவிட்டால் தையல் தாங்காது. பீடியை அறுவைக்கு நாலு வாரம் முன்பே விடுங்கள்.

வீக்கம் உள்ளே போகாமல் கல்லாகி, வலியும் வாந்தியும் வந்தால் குடல் மாட்டிக்கொண்டது என்று பொருள். அன்றே அறுவை. அழுத்தி உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள். முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

விதைப்பை மட்டும் வீங்கி, படுத்தாலும் குறையாமல் இருந்தால் அது ஓதமாக, அதாவது நீர் கட்டியதாக இருக்கலாம். டார்ச் அடித்தால் வெளிச்சம் ஊடுருவும். விதையிலேயே கெட்டியான, வலியில்லாத கட்டி தட்டுப்பட்டால் வலியில்லையே என்று விட்டுவிட வேண்டாம். புற்றுநோயா என்று உடனே ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும்.

திருமணமாகி மூன்று வருடம். குழந்தை இல்லை. எனக்கு மட்டுமே எல்லாப் பரிசோதனையும் நடந்தது. கணவர் பரோட்டா மாஸ்டர். "எனக்கென்ன குறை" என்கிறார். மாமியாரும் அதையே சொல்கிறார்.
– மனைவி, மதுரை

குழந்தையில்லாத தம்பதிகளில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணமும் இருக்கிறது. விந்துப் பரிசோதனைக்கு ஊசி இல்லை, மயக்க மருந்து இல்லை, செலவும் குறைவு. அதைச் செய்யாமல் பெண்ணுக்கு ஸ்கேனும் சாயம் செலுத்தும் எக்ஸ்ரேயும் எடுப்பது முறையே இல்லை. உறவுக்கு எந்தக் குறையும் இல்லாதவருக்கும் விந்தணு குறைவாக இருக்கலாம். இரண்டும் வேறு வேறு. மாமியாரிடம் இதை மருத்துவரே சொன்னால் எடுபடும்.

பரிசோதனைக்கு முன் இரண்டு முதல் ஏழு நாள் வரை விந்து வெளியேறாமல் இருக்க வேண்டும். லேபிலேயே எடுப்பது நல்லது. வீட்டில் எடுத்தால் உடல் சூட்டில் வைத்து ஒரு மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும். சோப்பு, எண்ணெய், எச்சில் படக் கூடாது. சாதாரண ஆணுறையில் பிடித்துக் கொடுத்தால் அணுக்கள் செத்திருக்கும். முதலில் வரும் பகுதியில்தான் அணுக்கள் அதிகம். அது சிந்தியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட கையேட்டின்படி கீழ் வரம்பு: அளவு 1.4 மில்லி, ஒரு மில்லியில் 1 கோடியே 60 லட்சம் அணுக்கள், அசைவு 42 சதவீதம். இதற்குக் கீழே வந்தால் குழந்தை பிறக்காது என்று பொருள் இல்லை, வாய்ப்பு குறைவு என்று மட்டுமே பொருள். ஒரு அறிக்கையை வைத்து முடிவு செய்யவும் கூடாது. ஓர் அணு உருவாக இரண்டரை மாதம் ஆகும். நடுவில் டெங்கு மாதிரிக் கடும் காய்ச்சல் வந்திருந்தால் எண்ணிக்கை விழுந்திருக்கும். மூன்று மாதம் கழித்துத் திரும்ப எடுக்க வேண்டும்.

விதைக்கு உடலைவிடக் குறைந்த வெப்பம் தேவை. சூடான பரோட்டாக் கல்லின் முன் மணிக்கணக்காக நிற்பது அதற்கு எதிர். இறுக்கமான ஜட்டியை விட்டுத் தளர்வான பருத்தி உடை, முடிந்தால் கல்லில் ஆள் மாற்றி நிற்பது, புகையிலையை விடுவது – மூன்று மாதம் இப்படி இருந்து பார்க்கட்டும். நிற்க வைத்துப் பரிசோதித்தால், விதைப்பையில் ரத்தக் குழாய் புடைத்திருந்தால் தெரியும். அதை அறுவையால் சரிசெய்யலாம். உடற்பயிற்சிக் கூடத்தில் தசை ஏற்ற டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களும் இதைப் படிக்க வேண்டும். அந்த ஊசி விந்தணு உற்பத்தியை நிறுத்திவிடும். விட்ட பிறகும் திரும்பப் பல மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் ஆகும்.

எங்கள் ஊராட்சியில் ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. கூட்டமெல்லாம் பெண்களும் குழந்தைகளும்தான். ஆண்களை வரவைக்க என்ன கேட்கலாம்?
– வார்டு உறுப்பினர், பேரையூர் வட்டம்

ஆண்களின் அலட்சியம் மட்டும் காரணம் என்று நாங்கள் நினைக்கவில்லை. வெளிநோயாளி நேரம் பகலில். களைக்கும் செங்கலுக்கும் போகிறவர் வந்தால் அன்றைய கூலி போச்சு. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" வீட்டுக்கே பிரஷர், சுகர் மாத்திரை கொண்டுவருகிறது. நல்ல திட்டம். ஆனால் ஊழியர் வரும் நேரத்தில் ஆண் வேலைக்குப் போயிருப்பார். வந்தவர் பெண் என்றால் சிறுநீர்க் கோளாறையோ விறைப்பையோ வாய் திறந்து சொல்லவும் மாட்டார். நகர்ப்புற நலவாழ்வு மையங்கள் மாலை 4 முதல் 8 வரை திறந்திருக்கின்றன; மதுரை நகரத்துக்காரர் வேலை முடிந்து போகலாம். கிராமத்துக்கு அந்த வசதி இல்லை. இந்த இடைவெளியைத்தான் நீங்கள் கேள்வியாக்க வேண்டும்.

கிராம சபையில் பொதுவாக "மருத்துவ வசதி வேண்டும்" என்று தீர்மானம் போட்டால் கோப்போடு நின்றுவிடும். மாதம் இரண்டு நாள் மாலை 5 முதல் 8 வரை ஆண்களுக்கான வெளிநோயாளி நேரம் என்று குறிப்பாகக் கேளுங்கள். கதவு சாத்தக்கூடிய ஒரு அறை வேண்டும். திரைச்சீலை போதாது, பேச்சு வெளியே கேட்கும். விவரம் கேட்டுப் பதிய ஓர் ஆண் சுகாதார ஊழியர் வேண்டும். அந்த மாலையில் 30 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் பிரஷர், சுகர், இடுப்புச் சுற்றளவு பாருங்கள். ஹான்ஸ், கூல் லிப், வெற்றிலைப் புகையிலை போடுகிறவர்களுக்கு டார்ச் அடித்து வாய்க்குள் பார்க்க வேண்டும்: வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு வாரம் ஆறாத புண், மூன்று விரல் நுழையாத அளவுக்குத் திறக்க முடியாத வாய். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவருக்குச் சளிப் பரிசோதனை. மேலூர்ப் பக்கம் கல் உடைக்கும் வேலை பார்த்தவர் என்றால் எத்தனை வருடம் தூசியில் இருந்தார் என்று சீட்டிலேயே எழுதி, மார்பு எக்ஸ்ரே எடுக்க அனுப்ப வேண்டும். சிலிக்கா தூசி கொடுக்கும் நுரையீரல் நோயைக் காசநோய் என்றே எண்ணி மருந்து கொடுப்பது நடக்கிறது. இரண்டும் சேர்ந்தும் வரும்.

பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும்போது எந்தக் கட்டிடம், எந்தப் பிரிவு, எந்த நாள் என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். ஒரு நாள் கூலியை விட்டு வந்தவர் இன்றைக்கு அந்த ஓ.பி. இல்லை என்று திரும்பினால் அடுத்த முறை வரமாட்டார்.

கணவர் ஒவ்வொரு கார்த்திகையும் சபரிமலைக்கு மாலை போட்டதும் குடியை நிறுத்துவார். கை நடுங்கும், தூங்க மாட்டார். போன வருடம் இரண்டாம் நாள் வலிப்பு வந்தது. இந்த வருடம் என்ன செய்வது?
– மனைவி, அலங்காநல்லூர்

தினமும் குடித்தவர் ஒரே நாளில் நிறுத்தினால் ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளில். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள்வரை ஆள் அடையாளம் தெரியாமல் பேசுவது, இல்லாததைப் பார்ப்பது, காய்ச்சல் வரலாம். சிகிச்சை இல்லாவிட்டால் இது உயிரைக் குடிக்கும். ஒரு தடவை வலிப்பு வந்தவருக்கு மறுபடி வர வாய்ப்பு அதிகம். அதனால் அவர் வீட்டில் வைத்து நிறுத்தக் கூடாது.

ஐப்பசி 20 வாக்கில் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் சேருங்கள். நடுக்கத்துக்கும் வலிப்புக்கும் மருந்து கொடுத்து ஒரு வாரத்தில் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற வைட்டமின் ஊசி அவசியம். அதைப் போடாமல் வெறும் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். சின்ன கிளினிக்கில் "ஒரு பாட்டில் ஏத்துங்க" என்று கேட்காதீர்கள். கார்த்திகை முதல் நாள் தெளிவாக மாலை போடலாம். மாலை கழற்றிய பிறகு குடி திரும்பாமல் இருக்கவும் மருந்து இருக்கிறது. மண்டலம் முடிவதற்குள் அடுத்த ஆலோசனைக்கு அழைத்துப் போங்கள்.

"கணவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலக்கலாம்" என்று விற்கும் மருந்தை வாங்கவே வேண்டாம். குடித்தால் உடம்புக்கு ஒவ்வாமல் செய்யும் டைசல்ஃபிராம் வகை மருந்து உடம்பில் இருக்கும்போது அவர் குடித்தால் பிரஷர் விழுந்து இறக்கக்கூடும். அவர் அறிந்து, ஒப்புக்கொண்டு, மருத்துவர் பார்வையில் மட்டுமே அதைச் சாப்பிடலாம். இரவு நேரத்தில் பேச ஆள் வேண்டுமென்றால் 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். நீங்களும் கூப்பிடலாம், அவரும் கூப்பிடலாம்.